குழாய்க் கணக்கு

பதவியேற்பு முடிந்த ஒன்பதாம் நாள்
ராத்திரி பதினொன்றே காலுக்குப் பட்டியல் வந்தது,
வாட்ஸ்அப்பில், கொஞ்சம் சாய்ந்த படமாக.
வரிசை எண் பதினேழு, எங்கள் காங்கேயம் தாசில்தார்:
ஹெப்சிபா அம்மா,
தனி வட்டாட்சியர், நிலமெடுப்பு, அலகு நான்கு.
அந்த அலகுக்கு இன்னும் மேசை வரவில்லை என்று
பிறகு தெரிந்தது.

நான் ஜீப் டிரைவர்.
ஆட்சி மாற்றம் எனக்கு
பக்கத்துச் சீட்டு நகர்வதுதான்.
அம்மா குள்ளம், இரண்டு பல் முன்னே இழுத்திருந்தார்.
திருமூர்த்தி சார் ஏறியதும்
ஐந்து பல் பின்னே தள்ளினார்.

ஆபீசில் ஆரவாரம் ஒன்றுமில்லை.
கிளார்க் சென்னியப்பன் ரிங்டோனை மாற்றினார்.
நூற்றுப் பன்னிரண்டு தையல் மிஷின்
ரெக்கார்டு ரூமில் பெட்டியோடு நின்றன,
பெட்டியில் பழைய பெயர்.
மேலே ஒட்ட ஸ்டிக்கர் வருகிற வரைக்கும்
யாருக்கும் தராதே என்று வாய் உத்தரவு.
எழுத்தில் கொடுங்க சார் என்று கேட்ட கோவர்த்தனிக்கு
மறுநாளே மூலனூர்,
அது மட்டும் எழுத்தில் வந்தது.

நான் சொல்ல வந்தது வாய்க்காலைப் பற்றி.

நாலு மாசம் முந்தி அம்மாவோடு
பி.ஏ.பி. வாய்க்காலுக்குக் கூட்டுத் தணிக்கை போனோம்,
பொதுப்பணி, மின்வாரியம், போலீஸ், நாங்கள்.
திருட்டுக் குழாய் முப்பத்தொன்பது என்றது தாள்.
அம்மா கரையிறங்கி நடந்தார்.
ஊதாச் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது.
இன்னொன்றைக் கையில் பிடித்தபடி
வெறுங்காலில் எண்ணிக்கொண்டே போனார்.
தேங்காய்க் களம், கோழிப்பண்ணை, தண்ணி லாரி ஷெட்,
எழுபத்தாறு.
தாளில் இல்லாததெல்லாம்
அன்றைய ஒன்றியத்தின் வகையறா.
"எழுபத்தாறும் எழுதுங்க" என்றார்.
சென்னியப்பன் எழுதினார்,
பென்சிலில்.

அறுத்தது முப்பத்தொன்பதைத்தான்.
அந்த எழுபத்தாறுக்காக அம்மாவைத் தூக்கச் சொல்லி
அப்போதே கடிதம் போய்விட்டது.
தேர்தல் தேதி குறுக்கே விழுந்து தடுத்தது.
முந்தினவர் தொடங்கியதை
இவர்கள் முடித்து வைத்தார்கள்.
அரசுப் பணி தொடர்ச்சியானது என்று
டிரெயினிங்கில் சொல்வார்கள்,
இதைத்தான் சொன்னார்கள் போல.

போன செவ்வாய் மறுபடி தணிக்கை.
சார் மடியில் புதுத் தாள், முப்பத்தேழு குழாய்.
ஒவ்வொன்றுக்கும் எனக்கு வழி தெரியும்,
கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்.
மீதியெல்லாம் புதுசாக ஒட்டுப் போட்ட பிவிசி,
வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன.
அங்கே மெதுவாகப் போனால்
"போங்க போங்க" என்றார்.

கடைமடையில், வெள்ளகோவில் பக்கம்,
மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள்
ஜீப்பைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.
"ஏனுங் டிரைவரு,
இந்தத் தடவை ஆரு குழாய அறுத்தீங்?"
சொன்னேன்.
"அப்ப அவங்க தண்ணி இவங்களுக்கு.
நமக்கு எப்பவும் போல" என்று
பீர்க்கங்கொடியைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பும்போது, ஊதியூர் மலை தெரிகிற இடத்தில்,
சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கெட்டவரில்லை. மூணு வருஷம்
ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டியவர்,
போன ஆட்சியின் அலகு நான்கு.
"மொத்தம் எழுபத்தாறு வருமா?"
ஜன்னலைப் பார்த்துத்தான் கேட்டார்.

எனக்கு மகள் பிளஸ் டூ.
டிரைவர்களுக்கும் பட்டியல் உண்டு.
"எனக்குக் கணக்கு வராதுங் சார்."

"எனக்கும்" என்றார்.

சாயங்காலம் வண்டி கழுவ
சீட்டை முன்னே இழுத்தேன்.
அடியில் காய்ந்த சேற்றோடு
ஊதாச் செருப்பு, ஒற்றை.
எடுக்கவில்லை.
எறியவுமில்லை.
ஐந்து பல் பின்னே தள்ளி
பூட்டிவிட்டு வந்தேன்.